கேஷா, டியூவா?

வங்கி அதிகாரி கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார்.

திருப்பியிருக்க வேண்டாம். எனக்கு அதில் ஒன்றும் புரியப்போவதில்லை. இருந்தாலும் மரியாதைக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். என் பெயர் இருந்தது. அதற்கு எதிரே ஒரு சின்னக் கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் ஒன்று என்ற எண்.

"மைனஸ் ஒன்னுங்கம்மா" என்றார். ஒட்டன்சத்திரத்துப் பக்கத்துப் பெண். வாக்கியத்துக்கு ஒரு 'ங்க' போடாமல் அவரால் மூச்சு விட முடியாது.

"ஏனுங்கம்மா, இத்தனை வருசத்துல ஒரு லோன்கூட வாங்கலீங்களா? நகைக் கடன்? வண்டிக் கடன்? ஒரு செல்போனாவது டியூல எடுத்திருப்பீங்கல்லங்க?"

"எதுவுமே இல்லைங்க மேடம்" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக் கிடைத்த சில விஷயங்களில் அதுவும் ஒன்று.

அவர் முகத்தில் அந்தப் பெருமை ஒட்டவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் டாக்டரின் முகம் மாதிரி இருந்தது.

"சாரு பேரையும் பாத்துரலாமுங்க" என்று என் கணவர் பக்கம் திரும்பினார். தட்டினார். காத்திருந்தார். "சாருக்கும் மைனஸ் ஒன்னுங்க."

எங்கள் ஜாதகத்தில்கூட இப்படி ஒரு பொருத்தம் வந்ததில்லை.

பஸ்ஸில் வரும்போது என் மகள் சிந்துவிடம் மெதுவாகக் கேட்டேன். "ஏன்டி, நாங்க அம்புட்டு மோசமா?"

"கடன ஒழுங்காக் கட்டுறாங்களான்னு பாத்துப் போடுற சிபில் ஸ்கோரும்மா அது. மைனஸ் ஒன்னுன்னா மார்க் இல்ல. உங்க ரெண்டு பேரையும் பத்தி கம்ப்யூட்டருக்கு ஒன்னுமே தெரியாதுன்னு அர்த்தம்."

யாருக்கும் தெரியாமல் இருந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை வருடமும் பாடுபட்டேன். அது இப்படிப் பலித்துத் தொலைக்கும் என்று நினைக்கவில்லை.

வங்கிக்கு ஏன் போனோம்

போன வாரம் என் முதல் தையல் மிஷினைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "அந்த மிஷினுக்கு அடியில் உட்கார்ந்து துணுக்குத் துணியில் விளையாடிய மகள் இப்போது என்ன செய்கிறாள்?" என்று கேட்டு சில கடிதங்கள் வந்தன. அவள் ஜெர்மனியில் படிக்கிறாள். ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரிக்கு நாங்கள் அலைந்த அலைச்சலைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

எங்கள் வீடு பூட்டுக்குப் பேர் போன திண்டுக்கல்லில், தாடிக்கொம்பு ரோட்டில் இருக்கிறது. நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். கணவர் நூல் மில்லில் வேலை. சிந்து உள்ளூர்க் கல்லூரியில் படித்து முடித்தாள். தோல் பதனிடும் ஷெட்டுத் தண்ணீர் இறங்கிக் கெட்டுப்போன கிணறுகளைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள். கெட்ட தண்ணீரைச் சுத்தம் செய்வது பற்றித்தான் மேலே படிப்பேன் என்று நின்றாள். எங்கெங்கோ எழுதிப் போட்டு, ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடமும் வாங்கிவிட்டாள்.

"அங்க பீஸு ரொம்ப இல்லம்மா" என்றாள்.

நானும் அவரும் ஒரு முழு சாயங்காலம் சந்தோஷமாக இருந்தோம்.

மறுநாள் காலையில் மீதியைச் சொன்னாள். படிப்புக் கட்டணம்தான் ரொம்ப இல்லை. ஆனால் அங்கே ஒரு வருடம் தங்கவும் சாப்பிடவும் ஆகிற மொத்தப் பணத்தையும் புறப்படுவதற்கு முன்பே ஒரு கணக்கில் போட்டுவிட வேண்டும். போட்டதும் அதை எடுக்க முடியாதபடி பூட்டி அடைத்துவிடுவார்கள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, மாதம் ஒரு பங்கு மட்டும் அவள் கைக்கு வரும். பணம் போட்டதற்கு அத்தாட்சி இல்லாமல் விசா இல்லை. விசா இல்லாவிட்டால் கிடைத்த இடமும் போய்விடும்.

"நம்ம காசை நம்மளே போட்டு, நம்மளே எடுக்க முடியாதா?" என்று கேட்டார் கணவர். "பூட்டு நம்ம ஊர்ல செய்றது. சாவி மட்டும் அவங்க கையிலயா?"

சீட்டுப் பணம், என் கைச் சேமிப்பு, அவருடைய பி.எஃப். எல்லாவற்றையும் கூட்டினாலும் பாதிகூட வரவில்லை. மீதிக்குத்தான் கல்விக் கடன் கேட்டு வங்கிக்குப் போனோம். வீட்டுப் பத்திரத்தையும் கையோடு கொண்டுபோனோம். பத்திரம் சரியாக இருந்தது. நாங்கள்தான் சரியில்லை.

கடன் கேட்காத குடும்பம்

நான் கடனுக்கு ஏன் இப்படிப் பயந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

என் அப்பாவுக்குச் சேவுகம்பட்டிப் பக்கத்தில் மல்லிகைத் தோட்டம் இருந்தது. ஒரு வருடம் மழை இல்லாமல் போனபோது பூக்கமிஷன் கடையில் முன்பணம் வாங்கிவிட்டார். முன்பணம் வாங்கினால் பூவை அந்தக் கடைக்கு மட்டும்தான் போட வேண்டும். அவர்கள் சொல்வதுதான் எடை. அவர்கள் சொல்வதுதான் விலை. பக்கத்துக் கடையில் முகூர்த்த விலை போய்க்கொண்டிருக்கும். அப்பா தன் கூடையை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நிற்பார்.

அதிலிருந்து மீண்டு வந்ததும், என்னையும் என் தம்பி பாண்டியையும் உட்கார வைத்து ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். "எவன்கிட்டயும் கை நீட்டிறாதீங்க."

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அவர் கேட்ட ஒரே கேள்வி, "கடன் கிடன் உண்டா?" என்பதுதான். மாப்பிள்ளை வாயைத் திறந்து "இல்லை" என்று சொன்னார். அன்றைக்கு அவர் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். கூச்சத்தில் அவர் எனக்கு அண்ணன். பெண் பார்க்க வந்த அன்று இருவரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். தரை நன்றாக இருந்தது. கல்யாணம் முடிவானது.

அப்பாவின் பேச்சு எனக்குள் இறங்கிய மாதிரி தம்பிக்குள் இறங்கவில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். பாண்டி சித்தையன்கோட்டையில் இருக்கிறான். காய்கறி ஏற்றுகிற குட்டி யானை வண்டி வைத்திருக்கிறான். வண்டி டியூ. வீட்டு டிவி டியூ. அவன் பைக், அவன் பெண்டாட்டி செல்வியின் செல்போன், கட்டில், பீரோ, எல்லாம் டியூ. மாதத் தவணையைத்தான் எங்கள் பக்கம் டியூ என்போம். சொந்தக்காரர்கள் மத்தியில் அவன் பெயரே 'டியூ பாண்டி'.

சிந்துவின் சடங்குக்குத் தாய்மாமன் சீராக ஒரு ஃபிரிட்ஜ் கொண்டுவந்தான். கொட்டு மேளத்தோடு, பலூன் கட்டிய குட்டி யானையில் ஃபிரிட்ஜ் வந்து இறங்கியது. அவசரத்தில் பைனான்ஸ் கம்பெனி ஸ்டிக்கரைக் கிழிக்க மறந்துவிட்டான். எங்கள் சித்தப்பா ஒருவருக்கு மைக் என்றால் உயிர். அதைப் பிடித்துக்கொண்டு, "இது பாண்டி சீரா, பைனான்ஸ் சீரா?" என்று கேட்டுவிட்டார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. பாண்டியும் சேர்ந்துதான் சிரித்தான்.

ஃபிரிட்ஜ் இன்றைக்கும் ஓடுகிறது. சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தால், "அந்த ஜில் தண்ணி கொடும்மா" என்று கேட்டு வாங்கித்தான் குடிக்கிறார்.

மிக்ஸி வாங்கப் போன கதை

அந்த வங்கிப் பெண் நல்ல மனசுக்காரர். கிளம்பும்போது ஒரு யோசனை சொல்லி அனுப்பினார். "ஏதாச்சும் ஒரு சின்னப் பொருள் டியூல எடுங்கம்மா. கம்ப்யூட்டர்ல உங்க பேராவது ஏறட்டுங்க."

சரி, மிக்ஸி வாங்கலாம் என்று முடிவானது. வீட்டில் ஓடுகிற மிக்ஸிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மகள் படிப்புக்காக இன்னொரு மிக்ஸி. இதை யாரிடமாவது சொன்னால் புரிந்துகொள்வார்களா?

கணவர் ஷிப்ட்டுக்குப் போய்விட்டார். சிந்து விசா வேலையாக வெளியே போயிருந்தாள். நான் தனியாகக் கடைக்குப் போனேன். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "எனக்கு டியூல வேணும். எனக்கு டியூல வேணும்."

கடைப் பையன் வரிசையாக மிக்ஸிகளைக் காட்டினான். நான் ஒன்றைக் கை காட்டினேன். அவன் சத்தமாகக் கேட்டான்.

"அக்கா, கேஷா, டியூவா?"

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து, என்னிடம் ரவிக்கை தைக்கிற டீச்சரம்மா ஒருவர் கிரைண்டர் வரிசைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "அட, நீங்களா! புது மிக்ஸியா?"

"கேஷ்" என்றேன்.

என் வாய்தான் சொன்னது. நான் சொல்லவில்லை.

"மொத்தப் பணமுமாக்கா?" என்றான் பையன், அதைவிடச் சத்தமாக. டீச்சரம்மா மெச்சுகிற மாதிரி என்னைப் பார்த்தார். டியூவுக்கு முதல் தவணை கட்ட என்று வைத்திருந்தது போக, விசாக் கட்டணத்துக்கு என்று பையின் உள்ளறையில் வைத்திருந்ததையும் சேர்த்து எண்ணிக் கொடுத்தேன். ஆட்டோவில் மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

சிந்து பெட்டியைப் பார்த்தாள். பில்லைப் பார்த்தாள். "அம்மா... இதுல கேஷ்னு போட்டிருக்கு."

"ஆமா."

"கடன் வாங்கத்தானம்மா போன?"

"ஆமாடி. கேக்க வாய் வரல."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். தரையில் உட்கார்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் கவனித்தேன், அது சிரிப்புத் தண்ணீர் மட்டும் இல்லை.

"விடும்மா. டியூல எடுத்திருந்தாலும் பேரு ஏற மாசக்கணக்குல ஆகுமாம். விசாவுக்கு அம்புட்டு நாளு இல்ல" என்றாள். "அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அடுத்த வருடம் அந்த இடம் இருக்காது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த கணவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "நல்ல மிக்ஸிதான்" என்றார்.

சித்தையன்கோட்டையில் சாப்பாடு

வங்கிக்கு மறுபடி போனபோது அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார். "உங்க ரத்த சொந்தத்துல, ஒழுங்கா கடன் வாங்கி ஒழுங்காக் கட்டுற ஆளு யாராச்சும் ஜாமீன் போட்டா லோன் வந்துருங்கம்மா. அப்படி யாரும் இல்லீங்களா?"

கணவர் தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சிந்து மட்டும் என்னைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

பாண்டி வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். "என்னக்கா, நல்ல நாள் பொல்ல நாள் இல்லாம வந்திருக்க? வாங்க மாமா. ஏ செல்வி, கறி எடுத்துட்டு வாரேன், உலைய வையி!"

சாப்பிட்டோம். கத்திரிக்காய் விலையைப் பற்றிப் பேசினோம். செல்வி, "வெஞ்சனம் இன்னுங் கொஞ்சம் வெச்சுக்கங்க மதினி" என்று கூட்டை அள்ளி வைத்தாள். முருங்கைக்காய் விலையைப் பற்றிப் பேசினோம். கணவர், "மழை வரும்போல" என்றார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கை கழுவினோம். தாம்பூலம்கூடப் போட்டாயிற்று. இனிக் கிளம்ப வேண்டியதுதான் என்று நான் எழுந்தே விட்டேன்.

"மாமா, உங்க சிபில் ஸ்கோர் எம்புட்டு?" என்றாள் சிந்து.

பாண்டி என்னைப் பார்த்தான். சிந்துவைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துபோனது. முகம் முழுக்க ஒரு சிரிப்பு பரவியது. அந்தச் சிரிப்புக்காக அவன் ரொம்ப நாளாகக் காத்திருந்திருக்க வேண்டும்.

"செத்த நேரம் உக்காருக்கா" என்றான். செல்போனை எடுத்தான். தேடினான். திரையை என் கண்ணுக்கு நேரே நீட்டினான். "பத்தாவதுல ஐநூறுக்கு நான் வாங்கின மார்க்கு உனக்குத் தெரியும். அப்பா பெல்ட்டக் கழட்டுனதும் தெரியும். இங்க பாரு. தொள்ளாயிரத்துக்கு எண்ணூறுக்கு மேல! இந்தக் குடும்பத்துலயே பர்ஸ்ட் மார்க் நான்தான்."

"எப்படிப்பா?" என்றார் கணவர். அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

"அது ஒன்னும் வித்தை இல்ல மாமா. வண்டில ஒரு டப்பா இருக்கு. எந்த லோடு வாடகை வந்தாலும் முதல்ல டியூவுக்கு அதுல போட்டுட்டுத்தான் டீயே குடிப்பேன். தேதிக்கு முன்னாடியே கட்டிருவேன். ஒரு மாசம் தவறினாக்கூட அப்பா கூடைய வெச்சுக்கிட்டு நின்னது ஞாபகம் வந்துரும்."

அப்பாவுக்குப் பயந்து நான் கடனே வாங்காமல் இருந்தேன். அதே பயத்தில்தான் அவன் ஒரு டியூவைக்கூடத் தாண்ட விடவில்லை. ஒரே வீட்டில் ஒரே பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாங்கள்.

"சிந்து லோனுக்கு ஜாமீன் போடணும். அதான? போட்டாச்சுன்னு நினைச்சுக்க" என்றான். "அதுக்கு முன்னாடி ஒன்னு. மாமா, 'டியூ பாண்டி' சொல்லுங்க பாப்போம்."

கணவர் வெட்கப்பட்டு, "சும்மா இரு அப்பு" என்றார்.

செல்வி சொன்னது

அடுப்படியில் பாத்திரத்தை ஒதுங்க வைக்கும்போது செல்வி பேச்சுவாக்கில் சொன்னாள்.

"பெரிய வண்டிக்கு எழுதிக் குடுத்திருக்காரு மதினி. தக்காளி சீசன்ல குட்டி யானை பத்தல. ரெண்டு நடை அடிக்க வேண்டியிருக்கு, வந்து படுக்கையில இடுப்பு பிடிச்சுக்குது. இப்ப சிந்துக்கு ஜாமீன் போட்டா, இவருக்கு வேற ஆளு ஜாமீன் நிக்காம அந்த லோன் வராதுன்னு பைனான்ஸ்காரவுக சொன்னாக. சிந்துக்கு முன்னாடி வண்டி ஒன்னும் பெரிசில்ல. நான் தடுக்கலை. உங்க காதுல போட்டு வெச்சேன், அம்புட்டுத்தான்."

இத்தனை நேரம் சிரித்துக்கொண்டிருந்தானே, இதை அவன் சொல்லவே இல்லையே.

மறுநாள் அவனுக்குப் போன் செய்தேன். போனில் பேசுவதே எனக்கு ஒரு வேலை. தண்ணீர் குடித்துவிட்டுத்தான் எண்ணை அழுத்தினேன்.

"ஏலே பாண்டி, ஜாமீன் வேணாம். வேற ஆளு பாத்துக்கிறோம்."

"செல்வி சொன்னாளா?"

"யாரும் சொல்லலை."

"உனக்குப் பொய் சொல்லவும் வரல, கடன் கேக்கவும் வரல. என்னத்தத்தான் படிச்ச?" என்றான். அப்புறம் குரல் மாறியது. "அக்கா, சிந்துக்கு நான் யாரு?"

"மாமன்."

"மாமன் சீரை வேணாம்னு திருப்பி அனுப்புற அக்காவ இந்தத் திண்டுக்கல் ஜில்லாவுல பாத்திருக்கியா? ஃபிரிட்ஜுக்குச் சிரிச்சாங்க. சிரிக்கட்டும்னு விட்டுட்டேன். இந்தச் சீருக்கு எவன் சிரிக்கிறான்னு பாப்போம். பெரிய வண்டி எங்கயும் ஓடிராது."

எனக்கு வேறு வழி இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நேரம் எனக்கு வேறு வழி வேண்டியும் இருக்கவில்லை.

"சரி. ஆனா எனக்குன்னு ஒரு ஸ்கோர் வந்ததும், உன் வண்டிக்கு நான்தான் ஜாமீன்" என்றேன்.

அந்தப் பக்கம் அவன் இருமும் வரை சிரித்தான். "மைனஸ் ஒன்னு எனக்கு ஜாமீனாம்! ஏ செல்வி, இதக் கேளு!" என்றவன், வைக்கும்போது, "பேங்குக்குக் கொட்டோட வாரேன்" என்றான்.

சீர் வந்தது

கையெழுத்து நாள் காலையில் வங்கியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கடன் கவலையே இல்லை. காது முழுக்க வாசலில்தான் இருந்தது. எங்கே கொட்டுச் சத்தம் கேட்டுவிடுமோ என்ற பயம். அவன் செய்யக்கூடிய ஆள்.

கொட்டு வரவில்லை. ஆனால் தட்டு வந்தது.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கையில் பெரிய எவர்சில்வர் தாம்பாளம். அதில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழச் சீப்பு, தேங்காய், சேவுகம்பட்டி மல்லிகைப் பந்து. நடுவில், மஞ்சள் தடவிய ஒரு புதுப் பேனா.

டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். காவலுக்கு நின்ற பெரியவர் ஓடி வந்தார். "தம்பி, உள்ள தேங்கா உடைக்கக் கூடாது."

"உடைக்கலண்ணே. சும்மா கூட்டிட்டு வந்தேன்" என்றான் பாண்டி.

வங்கிப் பெண் எழுந்து நின்றுவிட்டார். "எங்கூர்லயும் மாமன் சீர் உண்டுங்க. பேங்குக்கு வந்து இன்னைக்குத்தானுங்க பாக்குறேன்."

"கையெழுத்துதானுங்க சீரு. இதெல்லாம் அதுக்குத் துணை" என்று அவரைப் போலவே 'ங்க' போட்டான்.

சிந்து தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். விழுந்து கும்பிடப் போனவளை, "பேங்குல கேமரா இருக்கு தாயி, அப்புறம் பாத்துக்கலாம்" என்று தடுத்துவிட்டான். வங்கிப் பெண் தலையில் மல்லிகை ஏறியது. காவல்காரருக்கு வாழைப்பழம் போனது. நானும் கணவரும் தலை நிமிரவே இல்லை. வங்கித் தரையும் நன்றாகத்தான் இருந்தது.

எங்கே எங்கே என்று கேட்டு, பாண்டி நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டான். அவன் பள்ளிக்கூடத்தில் அவ்வளவு அழகாக எழுதி நான் பார்த்ததில்லை.

உண்டியல் திறக்கும் நாள்

பணம் போய் அடைபட்டது. விசா வந்தது. விமான நிலையத்தில் கணவர் மகளிடம், "சாப்பிடு" என்றார். அவர் அளவுக்கு அது நீண்ட பேச்சு.

இப்போது மாதம் பிறந்தால் அங்கிருந்து போன் வரும். "அம்மா, உண்டியல் திறந்துருச்சு!" அந்த மாதப் பங்கு கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அறை வாடகை போக மீதியில் முட்டை, ரொட்டி, அரிசி. மாதக் கடைசியில் முட்டை மட்டும். அதனால் பல்கலைக்கழக கேன்டீனில் சில மணி நேரம் வேலைக்குப் போகிறாள்.

"என்ன வேலை?" என்று கணவர் கேட்டார்.

"தட்டு கழுவுறேன்ப்பா."

அவர் போனைக் கையால் பொத்தினார். கலங்கிவிட்டாரோ என்று நான் திரும்பிப் பார்த்தேன். "இங்க ஒரு நாளு ஒரு டம்ளர் கழுவுனதில்ல" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். "அவங்களுக்குத் தெரிஞ்சா வேலையை விட்டு எடுத்துருவாங்க. வெளிய சொல்லிறாத."

கடனில் சிந்து பெயரோடு என் பெயரும் இருக்கிறது, மாத வட்டி நான் கட்டுகிறேன். தையல் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு டப்பா வைத்திருக்கிறேன். ரவிக்கைக் கூலி எது வந்தாலும் முதலில் அதற்குள் போட்டுவிட்டுத்தான் டீ. தம்பியிடம் படித்த பாடம். கட்ட வேண்டிய தேதிக்கு முன்பே போய் நிற்பேன். "அம்மா, இன்னும் நாள் இருக்குங்க" என்று அந்த வங்கிப் பெண் சிரிப்பார்.

இப்படிப் பத்து மாதம் ஓடியது. ஒரு நாள் அவர் மறுபடியும் திரையை என் பக்கம் திருப்பினார். கோட்டைக் காணவில்லை. அந்த இடத்தில் மூன்று இலக்கத்தில் ஓர் எண் இருந்தது. பாண்டி அளவுக்கு இல்லை. ஆனாலும் பாஸ் மார்க்குக்கு மேலேதான்.

அந்த வாரமே அவனைக் கூட்டிக்கொண்டு பைபாஸில் இருக்கும் வண்டி ஷோரூமுக்குப் போனேன். செல்விக்கு என்று அந்தப் புது மிக்ஸியையும் பெட்டியோடு எடுத்துப் போயிருந்தேன். கணவர் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

பெரிய கண்ணாடிக் கட்டிடம். ஏகப்பட்ட கூட்டம். பாண்டி தனக்குப் பிடித்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். டயரைத் தட்டினான். கதவைத் திறந்து மூடினான். டை கட்டிய பையன் ஒருவன் ஓடி வந்தான்.

"சார், கேஷா, டியூவா?"

பாண்டி வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"டியூ! ஜாமீன் நான்தான்."

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்பது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"மெதுவாச் சொல்லுக்கா" என்றான் தம்பி. "எல்லாரும் பாக்குறாங்க."

என் வாழ்நாளில் முதல் தடவையாக, பாண்டி தரையைப் பார்த்தான்.